யார் மாட்டை யார் தானம் கொடுத்தது?

கேள்வி: மைஃபிட்னஸ்பால் செயலியில் உணவுப் பாக்கெட்டின் பார்கோடைக் காட்டினால் கலோரிக் கணக்கு வந்துவிடும். பல வருஷம் சும்மா கொடுத்தார்கள். 2022-ல் அதற்குக் காசு என்றதும் திட்டத் தொடங்கியவர்கள் இன்னும் ஓயவில்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: பல்லை விடுங்கள் அம்மா. தானம் என்றீர்களே, எனக்கு வழக்கே அந்தச் சொல்லோடுதான். யார் மாட்டை யார் யாருக்குத் தானம் கொடுத்தது?

உங்கள் சமையலறை அலமாரியிலிருந்து ஒரு சேமியா பாக்கெட்டை எடுங்கள். கருப்புக் கோடுகளுக்குக் கீழே 13 இலக்கம் இருக்கும், பெரும்பாலும் 890 என்று தொடங்கும். இந்தியாவில் பதிந்து வாங்கிய எண் என்று அதற்குப் பொருள். அந்தக் கோடுகளில் கலோரியும் கிடையாது, உப்பும் கிடையாது. இந்த எண் என்றால் இந்தச் சேமியா, இதில் மாவுச்சத்து இவ்வளவு என்று யாராவது முடிச்சுப் போட்டு வைத்தால்தான் செயலிக்குத் தெரியும். அந்த முடிச்சைப் போட அமெரிக்காவிலிருந்து ஆள் வந்து நம் மளிகைக் கடையில் நிற்கவில்லை. ராத்திரி சாப்பாடு முடிந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பாக்கெட்டின் மடிப்பை விரலால் நீவி, சோடியம் கிராமா மில்லிகிராமா என்று இரண்டு தரம் பார்த்து, ஒவ்வொரு வரியாகத் தட்டிப் பதிந்தவர் உங்களையும் என்னையும் போல ஒருவர். அடுத்த நாள் அதே பாக்கெட்டை வாங்கிய இன்னொருவருக்கு ஒரு நொடியில் விவரம் வந்தது. தானம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். அந்தப் பட்டியலின் பெரும்பகுதி இப்படிச் சேர்ந்ததுதான்.

மைக் லீ என்பவர் 2005-ல் தொடங்கியது இந்த மைஃபிட்னஸ்பால். கல்யாணத்துக்கு முன்னால் எடை குறைக்க வேண்டும் என்று பயிற்சியாளரிடம் போக, அவர் உணவும் கலோரியும் அச்சடித்த புத்தகத்தைக் கையில் கொடுக்க, தாளில் கூட்டிக் கழிப்பதற்குப் பதில் அதற்கு ஒரு நிரல் எழுதினார். நல்ல வேலை, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2015-ல் அண்டர் ஆர்மர் என்ற விளையாட்டு உடைக் கம்பெனி 47.5 கோடி டாலர் கொடுத்து அதை வாங்கியது. 2018-ல் சுமார் 15 கோடிக் கணக்குகளின் விவரம் திருடு போனது. 2020-ல் பிரான்சிஸ்கோ பார்ட்னர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு 34.5 கோடி டாலருக்குக் கை மாறியது. 2022 அக்டோபர் 1 முதல் பார்கோடுக்குப் பூட்டு. திறக்க வேண்டுமென்றால் அப்போது மாதம் 19.99 டாலர், வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் 79.99. பேரைத் தட்டித் தேடுவதற்குக் காசு கேட்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

47.5 கோடி எதற்குக் கொடுத்தார்கள் என்று யோசித்தீர்களா? நிரல் எழுத ஆள் கிடைப்பார்கள். கோடிக்கணக்கான மனிதர்களின் பழக்கமும், அவர்கள் வருஷக்கணக்காகப் பதிந்து சேர்த்த பட்டியலும் காசு கொடுத்தாலும் சட்டென்று கிடைக்காது. மொய் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஊரே வந்து எழுதிய நோட்டை வீட்டுக்காரர் வேறொருவருக்கு விற்று, வாங்கியவர் 'இனி பார்க்க வேண்டுமென்றால் பணம்' என்றால், கல்யாணச் சாப்பாடு இலவசமாகத்தானே போட்டோம் என்பது பதில் ஆகுமா?

இலவசம் என்ற பேச்சு வந்தாலே எனக்கு ஒரு பழைய சண்டை நினைவுக்கு வரும். 2011-ல் ரேஷன் கடையில் அரிசியைக் காசில்லாமல் கொடுக்க ஆரம்பித்து, 'விலையில்லா' என்று பெயர் மாற்றியபோது, அது நல்ல மாற்றம் என்று இதே பக்கத்தில் எழுதினேன். சும்மா வாங்கித் தின்கிறவர்களுக்குப் பரிந்து பேசுகிறாய் என்று கட்டுக் கட்டாகக் கடிதம் வந்தது. அன்று சொன்னதை இன்றும் சொல்கிறேன். அரிசி வாங்குகிறவர் தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டுகிறார், வரிசையில் நிற்பவரைப் பிச்சைக்காரராகப் பார்க்காதீர்கள். செயலிக்காரர் விஷயத்திலும் எனக்கு அதே கோபம்தான். கொடுத்தவரையே வாங்கித் தின்றவராக்கி, நன்றி இல்லாதவர் என்று வாயை அடைக்கிறார்கள்.

இது முதல் தடவையும் இல்லை. குறுந்தகட்டைக் கணினியில் போட்டால் பாட்டின் பெயர்கள் திரையில் வந்த காலம் நினைவிருக்கிறதா? வட்டில் அந்தப் பெயர்கள் பெரும்பாலும் இருக்காது. சிடிடிபி என்ற பட்டியலிலிருந்து வந்தன. அதைத் தட்டிச் சேர்த்தவர்கள் உலகம் முழுக்க இருந்த ரசிகர்கள். 1998-ல் பட்டியல் ஒரு கம்பெனிக்குப் போனது, விதிமுறைகள் மாறின, கிரேஸ்நோட் என்று பெயரும் மாறியது, 2008-ல் சோனி 26 கோடி டாலருக்கு வாங்கியது. கொதித்துப்போனவர்கள் ஃப்ரீடிபி, மியூசிக்பிரைன்ஸ் என்று தனிப் பட்டியல் போட்டார்கள். மியூசிக்பிரைன்ஸ் இன்றும் ஓடுகிறது, அதன் அடிப்படைத் தரவை யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

சரி, நம் ஊர் உணவுகளின் சத்துக் கணக்கு அமெரிக்காக்காரர் கொண்டுவந்ததா? அதுவும் இல்லை. நம் குன்னூரில் ஓர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் இருந்தது. ஏக்ராய்டு என்ற மருத்துவர் அதற்கு இயக்குநராக இருந்தபோது 1937-ல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணை வெளியானது. கேழ்வரகு, கம்பு, முருங்கைக்கீரை என்று எடுத்து அரைத்து, உலர்த்தி, அளந்து போட்ட கணக்கு. 1958-ல் அந்தக் கூடம் ஹைதராபாதுக்குப் போய்த் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. சேலத்தில் பிறந்த சி. கோபாலன் அதன் இயக்குநராக இருந்த காலத்தில், 1971-ல், அட்டவணை புதிதாக வந்தது. 2017-ல் 528 உணவுகளோடு அடுத்தது. எல்லாம் மக்கள் வரிப்பணம். குன்னூர் போகிறவர்கள் சிம்ஸ் பூங்காவில் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள், இந்தக் கதையை அங்கே ஒருவரும் சொல்வதில்லை என்ற மனக்குறை எனக்கு வெகு நாளாக உண்டு.

கம்பெனிக்குச் செலவு இருக்கிறது, நானும் அறிவேன். சர்வர் வாடகை, சம்பளம் எல்லாம் உண்டு. புதிதாக ஏதாவது செய்து அதற்குக் காசு கேட்கட்டும். 2015-லிருந்தே பிரீமியம் என்று ஒரு கட்டணச் சேவை விற்றார்கள், அதை நான் தப்பு சொல்லவில்லை. ஊர் சேர்ந்து வெட்டிய கிணற்றுக்கு வாளி கொடுத்தவர், வாளிக்கு வாடகை கேட்கலாம். கிணற்றுக்குக் கதவு போடக் கூடாது. போடுவதானால் முதலில் அந்தப் பட்டியலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வெளியே வைக்கட்டும்.

எடை குறைக்க நினைப்பவருக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை. இட்லிக்குப் பார்கோடு கிடையாது, பொங்கலுக்கும் கிடையாது. எனக்குக் கவலை முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகளை வைத்திருக்கிற வீடுகளைப் பற்றி. ஒவ்வொரு வேளையும் மாவுச்சத்தை எண்ணித்தான் இன்சுலின் எத்தனை யூனிட் என்று முடிவு செய்ய வேண்டும். பள்ளிக்கூட வாசலில் பிள்ளை பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டு நிற்கும்போது அம்மாவுக்கு அந்த ஒரு நொடிக் கணக்கின் அருமை தெரியும். அவரிடம் போய்த் தானம், பல் என்று பேச எனக்கு மனசு வராது.

நீங்கள் காசு கட்டலாமா என்றால், கட்டாதீர்கள். ஓப்பன் ஃபுட் ஃபேக்ட்ஸ் என்று ஒன்று இருக்கிறது. 2012-ல் பிரான்சில் தொடங்கியது, லாப நோக்கம் இல்லை, 30 லட்சத்துக்கும் மேல் பொருட்கள் உண்டு, பட்டியலை யாரும் முழுசாக இறக்கிக்கொள்ளலாம். அதில் பார்கோடு பார்க்கக் காசு இல்லை. நம் ஊர்ப் பொருட்கள்தான் இன்னும் நிறைய ஏற வேண்டும். உங்கள் பக்கத்து மகளிர் குழு விற்கும் சத்துமாவுப் பாக்கெட்டில் பார்கோடு இருந்தால் காட்டிப் பாருங்கள், வரவில்லையென்றால் பின்பக்கத்தைப் படம் எடுத்து ஏற்றுங்கள். பளபளப்புத் தாள், ட்யூப்லைட் வெளிச்சத்தில் எழுத்து மறைந்துவிடும். பகலில் ஜன்னலோரமாக வைத்து எடுங்கள்.