மனவளக்கலை: மூச்சும் தவமும் பற்றிச் சில கேள்விகள்

வாழ்க வளமுடன். வேதாத்திரி மகரிஷி வகுத்த மனவளக்கலைப் பயிற்சிகளை எங்கள் ஊர் மன்றத்தில் பல வருடமாகக் கற்றுத் தருகிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளுக்குப் பதில் இதோ.

ஆக்கினை தீட்சை (புருவ மத்தியில் கவனம் வைக்கும் தவத்தை, அதாவது தியானத்தை, ஆசிரியர் தொடங்கிவைப்பது) வாங்கி ஒரு மாதம் ஆகிறது. நாள் முழுக்கப் புருவ மத்தியில் அழுத்தம். தவத்தை விட்டுவிடட்டுமா?

விட வேண்டாம் தம்பி. சாந்தி தவம் செய்கிறீர்களா? பலர் அதைச் சின்ன விஷயமாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். மேலே ஏற்றிய ஆற்றலை முதுகுத்தண்டின் அடியிலுள்ள மூலாதாரத்துக்கு இறக்கி, உடல் தாங்கும் அளவுக்குக் கொண்டுவருவதுதான் சாந்தி. மற்ற யோக முறைகளில் அதிகம் பேசப்படாத இந்த இறங்குபடியை மகரிஷி தொடக்கத்திலேயே வைத்தார். எனக்கும் ஆரம்பத்தில் இதே அழுத்தம் இருந்தது. உச்சந்தலையில் கவனம் வைக்கும் துரிய தவம் சீக்கிரம் வேண்டும் என்ற அவசரத்தில் நான் சாந்தியைத் தவிர்த்ததே காரணம். அழுத்தம் வரும்போதெல்லாம் கவனத்தை முதுகுத்தண்டின் அடியில் வையுங்கள். அதன் பிறகும் தலைவலி நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

எனக்கு ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை ஓடுகிறது. மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபதி செய்யலாமா?

வேண்டாம் ஐயா. இதய நோய் உள்ளவர்களும் குடலிறக்கம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும்கூடச் செய்யக் கூடாது. கைப் பயிற்சி, கால் பயிற்சியை மெதுவாகச் செய்யுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வீடியோ பார்த்தே கற்றுக்கொள்ளலாமே?

மூச்சை எங்கே பிடித்து இழுக்கிறீர்கள், தோள் எங்கே இறுகுகிறது என்று வீடியோ உங்களைப் பார்த்துச் சொல்லாது. முதல் சில வாரமாவது ஆசிரியர் முன்னால் செய்யுங்கள்.

இரண்டு வருடமாகத் தவம் செய்கிறேன். மாமியாரிடம் கோபம் மட்டும் குறையவில்லை.

அம்மா, தவத்தோடு அகத்தாய்வும், அதாவது தன்னைத் தானே ஆராய்ந்து பார்ப்பதும், சேர வேண்டும். சினம் தவிர்த்தல் பாடத்தில் சொல்வதுபோல, யார் யார் மேல் எதற்காகக் கோபம் வருகிறது என்று எழுதுங்கள். லேசான கோபத்தை முதலில் எடுங்கள். மாமியார் பெயர் கடைசியில் வரட்டும். தினமும் தவம் முடிந்ததும் அவர்களை மனதில் நிறுத்தி, "வாழ்க வளமுடன்" என்று வாழ்த்துங்கள். முதல் நாள்களில் வாய்தான் சொல்லும். பரவாயில்லை, சொல்லுங்கள்.

எட்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்குக் காயகல்பம் (உடல் நலத்தையும் இளமையையும் காப்பதற்கான பயிற்சி) கற்றுத் தரலாமா?

14 வயது நிரம்பட்டும். அதுவரை கைப் பயிற்சி, கால் பயிற்சி போன்ற எளியமுறை உடற்பயிற்சியே போதும்.