ஹட்டனில் வணிகப் பிரிவில் உயர்தரம் முடித்துவிட்டேன். நிதித்துறை வேலைக்கு எப்படித் தயாராவது?

உடனே கொழும்புக்குப் பெட்டி கட்ட வேண்டியதில்லை; நிதிக் கணக்கை வீட்டிலிருந்தே பழகத் தொடங்கலாம். வீட்டில் தோட்டச் சம்பளத் துண்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடம் 8 சதவீதம் கழித்திருப்பார்கள்; நிர்வாகம் 12 சதவீதம் போட வேண்டும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கும் நிர்வாகமே 3 சதவீதம் தனியாகப் போட வேண்டும்.

அடுத்து, கொழும்புப் பங்குச் சந்தையில் உள்ள ஏதாவதொரு பெருந்தோட்டக் கம்பனியின் ஆண்டறிக்கையை இணையத்தில் எடுத்து, பொறுப்புகளில், அதாவது கம்பனி கொடுக்க வேண்டிய தொகைகளில், பணிக்கொடை (வேலையை விட்டு விலகும்போது தொழிலாளிக்குக் கொடுக்கும் தொகை) என்ற பதிவைத் தேடுங்கள். ஐந்து வருடச் சேவை முடித்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்பதுதான் கணக்கு. பல வருடம் கழித்துக் கொடுக்க வேண்டிய அந்தத் தொகையை, கழிவு வீதத்தைக் (எதிர்காலத் தொகையை இன்றைய மதிப்புக்கு மாற்றும் வட்டி வீதம்) கொண்டு இன்றைய பெறுமதிக்குக் குறைத்திருப்பார்கள். வீதம் ஏறினால் பொறுப்பு சுருங்கும். ஏன் என்று விளக்க முடிந்தால் நிதியியலில் பாதி கைக்கு வந்துவிட்டது. டியூஷன் குறிப்புகளில் இதைத் தேடிப் பயனில்லை.

தகைமைகளைப் பொறுத்தவரை, கணக்குத் துறைக்குப் பட்டயக் கணக்காளர் பரீட்சைகள், வங்கிக்கு இலங்கை வங்கியாளர் நிறுவகத்தின் பாடநெறிகள், முதலீட்டு ஆய்வுக்கு மூன்று கட்டப் பரீட்சைகள் கொண்ட சிஎஃப்ஏ (பட்டய நிதி ஆய்வாளர்) தகைமை. கடைசியது முழுக்க ஆங்கிலம். ஆகவே ஆண்டறிக்கையையும் ஆங்கிலத்திலேயே தட்டுத்தடுமாறி வாசியுங்கள். எக்செல் இப்போதே பழகுங்கள்.