மொய் நோட்டும் கோல் கணக்கும்

கேள்வி: இரண்டு மூன்று நாடுகளை அழைத்து இந்தியா நடத்துகிற இண்டர்கான்டினென்டல் கோப்பை மாதிரியான அழைப்புப் போட்டிகளால் நம் கால்பந்துக்கு லாபம் உண்டா? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: ‘அழைப்பு’ என்று எழுதிவிட்டீர்கள், இனி என்னை நிறுத்த முடியாது. கல்யாணப் பத்திரிகைகளோடு எனக்கிருக்கும் தகராறு இந்தப் பக்கத்தின் பழைய வாசகர்களுக்குத் தெரியும். சித்தப்பா பெரியப்பா என்று நாற்பது பெயரைப் பொடி எழுத்தில் அடுக்கிவிட்டு முகூர்த்த நேரத்தைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வைப்பார்கள். இப்போது அதையும் வாட்ஸப்பில் தட்டிவிட்டு, ‘இதையே நேரில் வந்து அழைத்ததாகப் பாவித்து’ என்கிறார்கள். மொய்யையும் நேரில் வைத்ததாகப் பாவிக்கச் சொன்னேன், ஓர் உறவு போயிற்று.

சரி, கால்பந்து. 2018 ஜூனில் மும்பை அந்தேரியில் முதல் கோப்பை. கென்யா, நியூசிலாந்து, சீன தைபே (விளையாட்டில் தைவானுக்கு அதுதான் பெயர்) எல்லாம் வந்தாயிற்று, ஊர்க்காரர்களைத்தான் காணோம். தைபேயை 5-0 என்று துவைத்து, அதில் கேப்டன் சுனில் சேத்ரி மூன்று கோல் போட்ட ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். மறுநாள் அவர் வீடியோவில் வந்து, திட்டுவதானாலும் மைதானத்துக்கு வந்து திட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டார். மாப்பிள்ளையே மண்டப வாசலில் நின்று, ‘சாம்பாரில் உப்பில்லை என்றாவது சொல்லுங்கள், ஆனால் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுச் சொல்லுங்கள்’ என்று கெஞ்சிய கல்யாணத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. கொட்டும் மழையில் கென்யாவை 3-0 என்று ஜெயித்தோம், அது அவருக்கு நூறாவது ஆட்டம். இறுதியிலும் அதே கென்யா, 2-0, இரண்டும் அவர் கோல்.

லாபம் கேட்டீர்கள் இல்லையா? வெற்றி தோல்வியை வைத்து நாடுகளுக்குப் புள்ளி எழுதும் ஃபிஃபா தரவரிசை ஒரு மொய் நோட்டு. யாரைக் கூப்பிட்டால் நம் பெயருக்கு நேரே தொகை ஏறும் என்று பார்த்துக் கூப்பிடுகிறார்களோ என்பது என் நெடுநாள் சந்தேகம். 2023-ல் புவனேஸ்வருக்கு மங்கோலியாவும் வனுவாட்டுவும் லெபனானும் வந்தன, கோப்பை நமக்கு. ஆறு மாதம் கழித்துக் கத்தாரில் ஆசியக் கோப்பை, மூன்று ஆட்டம், மூன்றிலும் தோல்வி, போட்ட கோல் ஒன்றுகூட இல்லை. பலசாலியைக் கூப்பிட்டால் மட்டும் என்ன ஆயிற்று என்பீர்கள். வட கொரியா 1993-ல் சென்னைக்கு வந்து, இதே மாதிரி அந்தக் காலத்தில் நாம் நடத்திய அழைப்புப் போட்டியான நேரு கோப்பையை எடுத்துக்கொண்டு போனது, 2019-ல் அகமதாபாத்துக்கு வந்து இந்தக் கோப்பையையும் எடுத்துக்கொண்டு போனது, தாம்பூலப் பை மாதிரி. இரண்டாவது தடவை விருந்து வைத்த நமக்குக் கடைசி இடம். ஆனாலும் அவர்களைத்தான் கூப்பிட வேண்டும் என்பேன். அடி வாங்கினால்தானே எங்கே வலிக்கிறது என்று தெரியும்.

2024 ஜூனில் சேத்ரி ஓய்வு பெற்றார். செப்டம்பரில் ஹைதராபாதில் இதே கோப்பை, மொரிஷியஸோடு 0-0, சிரியாவிடம் 0-3. பந்தி போட்ட வீட்டுக்காரர் இலையில் ஒரு பருக்கை இல்லை. கடைசியில் 2025 மார்ச்சில் சேத்ரியையே திரும்பக் கூப்பிட்டார்கள். வயது 40. ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராக, வந்த அன்றே ஒரு கோல். அவருக்காவது வாட்ஸப்பில் பத்திரிகை போயிருக்காது என்று நம்புகிறேன்.