கும்பிடுபூச்சி திடீரென்று சாவது ஏன்?

கேள்வி: எட்டாவது படிக்கும் எங்க பாப்பா, கத்திரித் தோட்டத்து வேலியில் இருந்த முட்டைக்கூட்டைக் கொண்டுவந்து, பொரிந்த கும்பிடுபூச்சிகளைச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) ஹார்லிக்ஸ் பாட்டில்களில் வளர்க்கிறாள். விரலளவு வளர்ந்துவிட்டன. இந்தத் தை மாதத்தில் ஒரே வாரத்தில் நான்கு செத்துப்போயின. இரண்டு, தோல் பாதி உரிந்தபடியே கிடந்தன. இரண்டு, நன்றாகத் தின்ற மறுநாள் மல்லாந்து காலை உதறிச் செத்தன. பிள்ளை அழுகிறாள். இது என்ன நோய்? மருந்து உண்டா?
– கத்திரி விவசாயி, எருத்தேன்பதி, சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம்

பதில்: பாப்பாவிடம் முதலில் ஒன்று சொல்லுங்கள். இது அவள் கவனக்குறைவால் வந்ததல்ல. நோய் என்றும் எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் எழுதியிருப்பதில் இரண்டு விதமான சாவு இருக்கிறது, இரண்டுக்கும் காரணம் வேறு. வந்தபின் கொடுக்க மருந்து கிடையாது, ஆனால் வராமல் தடுக்கலாம்.

மல்லாந்து உதறிச் செத்தவை விஷத்தால் செத்திருக்கவே வாய்ப்பு அதிகம். அதற்கு முந்தைய நாட்களில் கத்திரிக்கோ, பக்கத்துத் தோட்டத்துத் தக்காளிக்கோ மருந்து அடித்தார்களா? பாப்பா இரை பிடித்தது எங்கே? மருந்து அடித்த காட்டில் எல்லாப் பூச்சியும் உடனே சாகாது. அரைகுறையாகப் பட்டு மந்தமாகத் திரியும் வெட்டுக்கிளிதான் பிள்ளைகள் கையில் சுலபமாகச் சிக்கும். அதையே பாட்டிலில் போட்டால் விஷத்தைக் கையால் ஊட்டியதாகிவிடும். இமிடாகுளோபிரிட் போன்ற மருந்துகள் செடியின் சாற்றிலேயே ஏறிவிடும் என்பதால், இலை காய்ந்திருந்தாலும் அதை உறிஞ்சிய பூச்சிக்குள் மருந்து இருக்கும். மருந்து டப்பாவில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள் நாம் காய் பறித்துத் தின்பதற்கான கணக்கு. பூச்சிக்கு அது பொருந்தாது.

வீட்டுக்குள்ளும் பாருங்கள். கொசுவுக்கு மாட்டும் திரவ மருந்து, கொசுவர்த்திச் சுருள், எறும்புச் சாக்பீஸ் எல்லாவற்றிலும் இருப்பது பெரும்பாலும் காயைக் குடையும் புழுவான காய்த்துளைப்பானுக்கு நாம் அடிக்கும் சைபர்மெத்ரின் வகையறாதான். பூச்சியின் நரம்பைத்தான் அது தாக்கும். கால் நடுங்குவதும், பிடி நழுவி விழுவதும், மல்லாந்து உதறுவதும் அதனால்தான். பாட்டில் இருக்கும் அறையில் இவை எதுவும் வேண்டாம். மருந்து டேங்க் தொட்ட கையோடு பாட்டிலையும் தொடாதீர்கள்.

அடுத்து, பாதி உரிந்து செத்தவை. உங்கள் ஊர்க் காற்றுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து அடிக்கும் வறண்ட காற்று உதட்டையே வெடிக்க வைக்கிறது. பூச்சியின் பழைய தோலையும் அது காயவைத்துக் காலோடு ஒட்டிவிடும்.

தோல் உரிப்பதை ஒரு முறை கிட்ட இருந்து பார்த்தால் புரியும். பூச்சி மூடியின் அடிப்பக்கத்தைப் பின்கால் நகத்தால் பற்றி, தலைகீழாகத் தொங்கும். தலைக்குப் பின்னால் முதுகுத்தோல் வெடிக்கும். உடம்பு தன் எடையிலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வழுகி வரும். மீசை, முன்னங்கால், நீண்ட பின்கால் ஒவ்வொன்றாக உறையிலிருந்து உருவிக்கொள்ளும். அப்போது அது வெண்ணெய் போல மென்மையாக இருக்கும். கீழே தரை முட்டினால் உடம்பு வளைந்துவிடும், பிளாஸ்டிக் மூடி வழுக்கினால் அதோடு முடிந்தது.

அதனால் மூடியைக் கழற்றிவிட்டுக் கொசுவலைத் துணியைக் கட்டுங்கள், நகம் பிடிக்கும். பாட்டிலின் உயரம் பூச்சியின் நீளத்தைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும். பெரிதானவற்றுக்கு ஹார்லிக்ஸ் பாட்டில் போதாது, உயரமான டப்பாவுக்கு மாற்றுங்கள். காலையில் ஒரு தடவை சுத்தமான தண்ணீரை மெல்லிய தூறலாக அடித்தால் போதும். அந்தத் துளிகளைத்தான் அது குடிக்கும். மத்தியானத்துக்குள் காய்ந்துவிட வேண்டும், எப்போதும் ஈரமாக வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். பொரிந்த குஞ்சுகள் பெரிய துளியில் மூழ்கிச் சாவதும் உண்டு.

நன்றாகத் தின்றுகொண்டிருந்தது திடீரென்று இரையை விட்டு விலகினால், தோல் உரிக்கப் போகிறது என்று அர்த்தம். உள்ளே இருக்கும் இரையை உடனே எடுத்துவிடுங்கள். பாச்சையை விட்டுவைத்தால், மெத்தென்று தொங்குகிற பூச்சியை அதுவே கடித்துவிடும். டப்பாவை நகர்த்தாதீர்கள், தட்டாதீர்கள். ஒட்டிக்கொண்டால் இழுக்கவே கூடாது, சுற்றிலும் தூறல் அடிக்கலாம். கால் ஒன்று போனாலும் பயம் வேண்டாம், இன்னும் தோல் உரிக்க இருந்தால் மெல்ல முளைத்துவிடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கண்ணாடிப் பாட்டிலை வெயிலில் வைத்தால் சிறிது நேரத்தில் வெந்துவிடும். ஒரே பாட்டிலில் இரண்டு வைத்தால் ஒன்று மற்றதைத் தின்றுவிடும். கறுப்பாக வாந்தி எடுத்துச் செத்தால் அழுகின இரையைச் சந்தேகப்படுங்கள், சாக்கடைப் பக்கத்துக் கரப்பான் வேண்டவே வேண்டாம். வயிறு புடைக்கத் தின்றது உயரத்திலிருந்து விழுந்தால் வயிறு வெடிக்கலாம். காட்டில் பிடித்த பெரிய பூச்சியிலிருந்து நீளமாகக் கறுப்பு நூல் போல வெளியே வந்தால் அது குதிரைமுடிப்புழு, மனிதருக்கு ஒன்றும் செய்யாது. இறக்கை முழுதாக வந்து நாளாகிச் சாவது பெரும்பாலும் முதுமையால்தான். ஆண் சில வாரங்களிலிருந்து ஓரிரு மாதம், பெண் இன்னும் சில மாதம் இருக்கும்.

இரைக்குக் கனிந்த வாழைப்பழத் துண்டை ஒரு பாட்டிலில் போட்டுத் திறந்து வையுங்கள். பழ ஈ வந்து முட்டையிட்டதும் துணி கட்டுங்கள், பத்து நாளுக்குள் புது ஈ கிளம்பும். குஞ்சுகளுக்கு அது போதும். பெரியவற்றுக்கு, மருந்தே படாத இடத்தில் பிடித்த வெட்டுக்கிளி கொடுக்கலாம்.

ஒரு கூட்டில் நூறு குஞ்சுக்கு மேல்கூடப் பொரியும். பாப்பா இரண்டு மூன்றை வைத்துக்கொண்டு மீதியை, நீங்கள் மருந்து அடிக்காத வேலிப் பக்கம் விட்டுவிடட்டும். ஆனால் அவை காய்த்துளைப்பானை ஒழித்துவிடும் என்று நம்பி இருக்காதீர்கள். கும்பிடுபூச்சி கெட்ட பூச்சியை மட்டுமல்ல, தேனீயையும் பிடித்துத் தின்னும். துளைப்பானுக்கு, வாடிய நுனித்தண்டை வாரா வாரம் கிள்ளி அழியுங்கள், இனக்கவர்ச்சிப் பொறி (பெண் அந்துப்பூச்சியின் வாசனையைக் காட்டி ஆணை இழுக்கும் பொறி) கட்டுங்கள். அதில் மருந்துச் செலவும் குறையும், பாப்பாவின் பூச்சிகளுக்கு நல்ல இரையும் கிடைக்கும்.

இனி ஒன்று செத்தால், கடைசியாக என்ன தின்றது, இரை எங்கே பிடித்தது, தோட்டத்தில் என்ன மருந்து எந்தத் தேதியில் அடித்தீர்கள் என்று குறித்து எழுதுங்கள்.