பைபாஸ் முடிந்த இரவில் நெஞ்சை மறுபடி திறந்தது ஏன்?

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது. பைபாஸ் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். அன்றிரவே பிரஷர் மளமளவென்று இறங்க, ஐ.சி.யூ. கட்டிலிலேயே நெஞ்சைத் திறந்தார்கள். தியேட்டருக்குக்கூடக் கொண்டுபோகவில்லை. ஏதும் தவறு நடந்துவிட்டதா? இப்போது வீட்டில் இருக்கிறார். துடிப்பு சீராக இல்லை என்று, இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.
– வாசகி, செந்தூல்

பதில்: கட்டிலில் திறந்ததை மட்டும் வைத்துத் தவறு என்று சொல்ல முடியாது. இதயம் நின்றே போனால், முதல் சிகிச்சைகள் பலிக்காதபோது 5 நிமிடத்துக்குள் நெஞ்சைத் திறக்க வேண்டும். எலும்பைக் கட்டிய கம்பிகளை வெட்டும் கருவி அதற்காகவே ஐ.சி.யூ.வில் தயாராக இருக்கும். லிஃப்டுக்குக் காத்திருக்க நேரமில்லை.

பிரஷர் விழப் பல காரணங்கள் உண்டு: புதிதாக ஒட்டிய இரத்தக் குழாய் அடைபடுவது, துடிப்பு தாறுமாறாவது, நுரையீரலைச் சுற்றிக் காற்று தேங்குவது. ஆனால் நெஞ்சைத் திறந்தார்கள் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இரத்தக் கசிவையும் டேம்போனாடையும்தான். கசியும் இரத்தம் வெளியேற நெஞ்சில் குழாய்கள் வைத்திருப்பார்கள். இரத்தம் உறைந்து குழாயை அடைத்தால், வெளியேற வேண்டியது இதயத்தைச் சுற்றித் தேங்கி அதை நெருக்கும்; இதுதான் டேம்போனாட். விரிய இடமில்லாத இதயத்தில் இரத்தம் நிரம்பாது. நிரம்பாததை எப்படி வெளியே தள்ளும்? வேகமாகச் சேர்ந்தால் 150 மில்லிகூடப் போதும். குழாயில் இரத்தம் சட்டென்று நின்றதும் சொந்தக்காரர்கள் "அப்பாடா" என்பார்கள். அனுபவமுள்ள நர்ஸுக்கு அப்போதுதான் பதற்றம் தொடங்கும். இதயத்தின் பின்புறம் ஒளிந்திருக்கும் உறைந்த இரத்தக் கட்டி, நெஞ்சின்மேல் வைத்துப் பார்க்கும் எக்கோ ஸ்கேனில் தெரியாமலும் போகலாம்.

இனி கவனிக்க வேண்டியது வார்ஃபரின். டேம்போனாட் ஒன்றிரண்டு வாரம் கழித்தும் வரும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுவோருக்குக் கூடுதலாக. அப்போது அது மெதுவாக வரும்: படுத்தால் மூச்சு வாங்கும், எழுந்தால் தலை சுற்றும், சிறுநீர் குறையும், சோர்வு நாளுக்கு நாள் கூடும். "ஆபரேஷன் களைப்பு" என்று விட்டுவிடாதீர்கள். மேல் பிரஷர் 90-க்குக் கீழே போய்த் தலையும் சுற்றினால் அவசர எண் 999-ஐ அழையுங்கள்; ஜேமில் காரை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு பொதுவாக 2 முதல் 3-க்குள் இருக்க வேண்டும். டாக்டரைக் கேட்காமல் ஜாமு, மாக்ஜுன் போன்ற நாட்டு மருந்து எதுவும் கொடுக்காதீர்கள். வார்ஃபரினை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

கேள்வி: பைபாஸ் செய்தவர் வீட்டில் மயங்கி விழுந்தால், கம்பி கட்டிய நெஞ்சை அழுத்தலாமா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: பேச்சும் இல்லை, மூச்சும் சரியில்லை என்றால் அழுத்தத்தான் வேண்டும். 999-ஐ அழைத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, நடு நெஞ்சில் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. கம்பி அறுந்தால் மறுபடி கட்டிக்கொள்ளலாம்.