எங்கே, யார், எத்தனையாவது: ஆங்கில வினாச்சொற்கள் – கேள்வி பதில்

கேள்வி: "வேர் யூ ஆர் கோயிங்?" தவறு என்கிறார்கள். சொற்கள் எல்லாம் சரியாகத்தானே இருக்கின்றன?

பதில்: சொற்கள் சரி, இடம்தான் சரியில்லை. தமிழில் பதில் எங்கே வருமோ அங்கேயே வினாச்சொல் உட்காரும். "நீ நாளை வருவாய்" என்பதில் "நாளை"யை எடுத்துவிட்டு "எப்போது" வைத்தால் கேள்வி தயார். வேறு எதுவும் அசையாது.

ஆங்கிலத்தில் இரண்டு அசைவுகள் உண்டு. வினாச்சொல் வாக்கியத்தின் தலைக்குப் போகும். அதோடு துணைவினை எழுவாயைத் தாண்டி முன்னால் வரும். நீங்கள் முதல் அசைவைச் செய்துவிட்டு இரண்டாவதை விட்டுவிட்டீர்கள். "வேர் ஆர் யூ கோயிங்?" என்பதே சரி. "ஒய் யூ டிடின்ட் கம்?" என்பதிலும் இதே குறைதான். "ஒய் டிடின்ட் யூ கம்?" என்று வரவேண்டும்.

கேள்வி: துணைவினையே இல்லாத வாக்கியம் என்றால்? "வேர் டிட் ஹீ வென்ட்?" என்று எழுதினேன், அடித்துவிட்டார்கள்.

பதில்: துணைவினை வெளியே தெரியவில்லை என்றால் வினைக்குள்ளிருந்து பிரித்து எடுக்க வேண்டும். "வென்ட்" என்பதை "டிட்", "கோ" என்று இரண்டாகப் பிரியுங்கள். "லிவ்ஸ்" என்பதை "டஸ்", "லிவ்" என்று பிரியுங்கள். காலமும் அந்த "ஸ்" ஒலியும் துணைவினையோடு போய்விடும், மிஞ்சுவது வெறும் வேர்ச்சொல். "டிட்" வந்த பிறகும் "வென்ட்" என்று எழுதினால் இறந்தகாலம் இரண்டு முறை வந்துவிடுகிறது.

பழகும்வரை மூன்று வரியாக எழுதிப் பாருங்கள்:

ஷீ லிவ்ஸ் ஹியர்.
ஷீ டஸ் லிவ் ஹியர்.
வேர் டஸ் ஷீ லிவ்?

நடுவரியை மனத்தில் தாண்டிப் போவதால்தான் "வேர் ஷீ லிவ்ஸ்?", "வேர் டஸ் ஷீ லிவ்ஸ்?" இரண்டும் பிறக்கின்றன. இஸ், ஆர், வாஸ் போன்றவை தனி வினையாக நிற்கும்போது இந்தப் பிரிப்பு வேண்டாம். அவை தாமே முன்னால் நகரும்: "வேர் இஸ் தி கீ?"

கேள்வி: அப்படியானால் "ஹூ புரோக் தி கிளாஸ்?" என்பதில் "டிட்" எங்கே போயிற்று?

பதில்: இங்கே வினாச்சொல்லே எழுவாய். அது ஏற்கெனவே தலையில்தான் இருக்கிறது. தாண்டிப் போக வேறு எழுவாய் இல்லாததால் துணைவினைக்கும் வேலை இல்லை.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "ஹூ கால்ட் யூ?" என்றால் உன்னை யார் கூப்பிட்டார்கள். "ஹூ டிட் யூ கால்?" என்றால் நீ யாரைக் கூப்பிட்டாய். தமிழில் "யாரை" என்ற ஐ உருபு காட்டுகிற வேறுபாட்டை ஆங்கிலத்தில் சொல் வரிசையும் "டிட்"டும் காட்டுகின்றன. எழுவாயைக் கேட்கும்போது "டிட்" போட்டால் கேட்பவர் குழம்புவார். "வாட் ஹேப்பண்ட்?", "ஹவ் மெனி பீப்பிள் கேம்?" எல்லாம் இந்த வகைதான்.

ஒரு விலக்கு உண்டு. "அவனும் வரவில்லை, இவளும் வரவில்லை" என்று அடுக்கிய பிறகு, "பின்னே யார்தான் வந்தார்கள்?" என்று கேட்போமே, அதற்கு "சோ ஹூ டிட் கம்?" சரி. நம் "தான்" செய்கிற வேலையை அங்கே அழுத்திச் சொல்லும் "டிட்" செய்கிறது.

கேள்வி: ஐயா, "டூ யூ நோ வேர் இஸ் தி ஸ்டேஷன்?" என்றுதானே எல்லோரும் பேசுகிறார்கள்?

பதில்: பேசுகிறார்கள், ஆனால் எழுத்துத் தேர்வில் மதிப்பெண் போய்விடும். துணைவினை முன்னால் நகர்வது கேள்வியின் வெளி வாக்கியத்தில் மட்டும். "டூ யூ நோ" என்பதில் அது நடந்து முடிந்துவிட்டது. உள்ளே இருப்பது சாதாரண வரிசையில் வரவேண்டும்: "டூ யூ நோ வேர் தி ஸ்டேஷன் இஸ்?"

அதே காரணத்தால் உள்ளே "டிட்" தங்காது. "ஐ டோன்ட் நோ வாட் டிட் ஹீ சே" தவறு. "ஐ டோன்ட் நோ வாட் ஹீ செட்" சரி. இந்த வாக்கியம் கேள்வியே இல்லை என்பதால் கடைசியில் கேள்விக்குறியும் கூடாது. இந்த இடத்தில் பலரும் குறியைப் போட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: அதே முறையில் "டூ யூ திங்க் வேர் ஹீ வென்ட்?" என்று கேட்கலாமா?

பதில்: கூடாது. உங்கள் கேள்விக்கு "ஆமாம், இல்லை" என்று பதில் வருமா, ஓர் இடம் பதிலாக வருமா என்று பாருங்கள். "ஸ்டேஷன் எங்கே என்று தெரியுமா?" என்றால் "தெரியும்" என்று மட்டும் சொல்லலாம். "அவன் எங்கே போனான் என்று நினைக்கிறாய்?" என்றால் இடத்தைச் சொல்லியாக வேண்டும். இடம்தான் பதில் என்றால் வினாச்சொல் முழு வாக்கியத்தின் தலைக்கே ஏற வேண்டும்: "வேர் டூ யூ திங்க் ஹீ வென்ட்?" தமிழில் "எங்கே" உள்வாக்கியத்திலேயே இருந்துகொண்டு முழுக் கேள்வியையும் ஆள்கிறது. அதனால்தான் நமக்கு இது வழுக்குகிறது.

கேள்வி: "எத்தனையாவது" என்பதற்கு ஆங்கிலச் சொல் என்ன?

பதில்: ஒரே சொல்லாக இல்லை. "ஹவ் மெனி" என்பதன் வாலில் எதையாவது ஒட்டி உருவாக்காதீர்கள். எதைப் பற்றிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துக் கேள்வியையே மாற்ற வேண்டும்.

எத்தனையாவது மாடி என்பதற்கு "விச் ஃப்ளோர்?" போதும். பந்தயத்தில் எத்தனையாவதாக வந்தாய் என்பதற்கு "வேர் டிட் யூ ஃபினிஷ்?" என்று கேட்கலாம். பிள்ளைகளில் எத்தனையாவது என்பதற்கு "ஆர் யூ தி எல்டஸ்ட்?" என்று தொடங்குவது இயல்பு. எத்தனையாவது முறை வருகிறீர்கள் என்பதற்கு "ஹவ் மெனி டைம்ஸ் ஹேவ் யூ பீன் ஹியர் பிஃபோர்?" என்று கேட்டு, பதிலோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

லிங்கன் அமெரிக்காவின் எத்தனையாவது அதிபர்? "ஹவ் மெனி பிரசிடென்ட்ஸ் கேம் பிஃபோர் லிங்கன்?" என்றால் பதில் 15, ஆகவே அவர் 16ஆவது. இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. இடைவெளி விட்டு இரண்டு முறை பதவி வகித்த கிளீவ்லாண்டை 22ஆவது அதிபர், 24ஆவது அதிபர் என்று இருமுறை எண்ணுகிறார்கள். ஆகவே 35ஆவது அதிபரான கென்னடிக்கு முன் இருந்தவர்கள் 33 பேர்தான். ஆட்களை எண்ணுவதும் வரிசையைக் கேட்பதும் எப்போதும் ஒன்றாகிவிடாது. இந்த ஒரு சொல்லில் தமிழ் எவ்வளவு சுருக்கமாக இருக்கிறது என்று பாருங்கள்!

கேள்வி: வாட், விச் வேறுபாடு?

பதில்: தெரிவு குறுகலாக, கண்முன் இருந்தால் விச். எல்லை இல்லாமல் திறந்திருந்தால் வாட். இரண்டு பேனாவை நீட்டிக் கேட்பது "விச் பென்?"

கேள்வி: "ஹூஸ்" என்பதை எப்போது மேற்கோள் புள்ளியோடு (அபாஸ்ட்ரஃபி) எழுத வேண்டும்?

பதில்: "ஹூ இஸ்" அல்லது "ஹூ ஹேஸ்" என்று விரித்துப் படியுங்கள். பொருள் வந்தால் புள்ளி உண்டு. "யாருடைய" என்று பொருள் வந்தால் புள்ளி இல்லை, எழுத்தும் வேறு. ஒலி ஒன்றே என்பதால் காதை நம்பி எழுதாதீர்கள்.

கேள்வி: "உன் டீச்சர் எப்படி?" என்பதற்கு "ஹவ் இஸ் யுவர் டீச்சர்?" சரிதானே?

பதில்: இலக்கணம் சரி, ஆனால் பெரும்பாலும் அது நலம் விசாரிப்பது. "இப்போது பரவாயில்லை" என்று பதில் வரும். குணத்தைக் கேட்க வேண்டுமானால் "வாட் இஸ் யுவர் டீச்சர் லைக்?" தோற்றத்துக்கு "வாட் டஸ் ஷீ லுக் லைக்?" நம் "எப்படி" இந்த மூன்றையும் சுமக்கும். ஆங்கில "ஹவ்" சுமக்காது.

கேள்வி: "வென் ஹேவ் யூ கம்?"

பதில்: "வென்" ஒரு குறிப்பிட்ட நேரத்தைக் கேட்கிறது. முடிந்துபோன நேரத்தைக் கேட்கும்போது "ஹேவ்" ஒத்துவராது. "வென் டிட் யூ கம்?" என்று கேளுங்கள். எவ்வளவு நேரமாக இருக்கிறீர்கள் என்பதற்கு "ஹவ் லாங் ஹேவ் யூ பீன் ஹியர்?" சரி.

கேள்வி: ஒரே வாக்கியத்தில் இரண்டு வினாச்சொற்கள் வரலாமா? "யார் என்ன கொண்டுவருகிறார்கள்?" போல.

பதில்: தாராளமாக. "ஹூ இஸ் பிரிங்கிங் வாட்?" தலையில் ஒன்றுக்குத்தான் இடம். மற்றது, பதில் எங்கே வருமோ அங்கேயே நின்றுவிடும், தமிழில் நிற்பதைப் போலவே.