துப்பாக்கி இல்லாததால் நாம் நல்லவர்களா?

கேள்வி: என் மகன் அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில் ஐ.டி. வேலையில் இருக்கிறான். வாரம் தவறாமல் அங்கே எங்காவது துப்பாக்கிச் சூடு. பள்ளிக்கூடம், சர்ச், சூப்பர் மார்க்கெட் எதையும் விடுவதில்லை. நிறவெறி வேறு. நம் கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் யாராவது துப்பாக்கியோடு கடைக்குள் நுழைந்து பத்துப் பேரைச் சுட்டதாக உண்டா? அந்த வெறி நம் ரத்தத்திலேயே கிடையாது. இனி இங்கே ஆபத்து வருமென்றால் வடக்கிலிருந்து வந்து குவிகிறவர்களால்தான் வரும். ஓசூரில் எனக்கு எட்டு லைன் வீடுகள் இருக்கின்றன. ஒன்றைக்கூட அவர்களுக்கு விட்டதில்லை. மகனைத் திரும்பி வரச் சொல்லிவிடலாமா என்று யோசிக்கிறேன். உங்கள் கருத்து என்ன?
- பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், காவேரிப்பட்டினம்

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தில் பாதி எனக்குச் சம்மதம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் 2022-ல் மட்டும் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,000-க்கும் மேல். அதில் பாதிக்கு மேல் தற்கொலைகள். டி.வி.யில் நாம் பார்க்கும் கூட்டக் கொலைகள் அந்தக் கணக்கில் சின்னப் பங்குதான். அங்கே மக்களைவிடத் துப்பாக்கிகள் அதிகம். அதே 2022 மே மாதம் டெக்சாஸின் யுவால்டியில் 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் கொன்றவனுக்கு வயது 18. கடையில் முறைப்படி காசு கொடுத்து வாங்கிய துப்பாக்கி. சட்டத்தில் வேறு தடை இல்லாத, 21 வயது ஆன எவரும் கைத்துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு நடக்க, 2021 செப்டம்பரிலிருந்து டெக்சாஸில் உரிமம்கூடத் தேவையில்லை. மகனைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. அதில் நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் இங்கே அப்படி நடக்காததற்குக் காரணம் நம் ரத்தம் என்கிறீர்களே, அங்கேதான் எனக்கு வழக்கு.

நம்மிடம் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருக்கிறது. துப்பாக்கி வேண்டுமென்றால் மனு போட வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், போலீஸ் விசாரணை நடக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமம் இருந்தாலும் ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. தேர்தல் அறிவித்தால் அதையும் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் காட்டோர ஊர்களில் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகள் இருப்பது உங்களுக்கும் தெரியும். தாமாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று போலீஸ் தண்டோரா போட்டால் சில துப்பாக்கிகள் வெளியே வரும், சில வராது. அது காட்டுப்பன்றிக்கு வைத்திருப்பது. மருந்து கெட்டித்து ஒரு தடவை சுட்டால், மறுபடி முதலிலிருந்து கெட்டிக்க வேண்டும். அதை வைத்துக்கொண்டு எவனும் சூப்பர் மார்க்கெட்டுக்குள் போய்ப் பத்துப் பேரைச் சாய்க்க முடியாது. நம்மூர்ப் பிணக் கணக்கு குறைவாக இருப்பதற்கு அந்தச் சட்டத்துக்கும் அந்தப் பழைய குழலுக்கும்தான் நன்றி சொல்ல வேண்டும்.

ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். 1996-ல் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். அரசு சட்டத்தை இறுக்கி, சுமார் ஆறரை லட்சம் துப்பாக்கிகளைப் பணம் கொடுத்துத் திரும்ப வாங்கியது. நல்ல வேலை. ஆனால் 2019 மார்ச்சில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் இரண்டு மசூதிகளில் 51 பேரைக் கொன்றவன் யார்? ஆஸ்திரேலியாக்காரன். அவன் பிறந்து வளர்ந்த நாட்டில் துப்பாக்கிக்குக் கெடுபிடி. வெறுப்புக்கு ஒரு கெடுபிடியும் இல்லை. அப்போது சட்டம் தளர்வாக இருந்த பக்கத்து நாட்டுக்குப் போனான், உரிமம் வாங்கினான், சுட்டான். அடுத்த மாதமே நியூசிலாந்து அந்த ரகத் துப்பாக்கிகளைத் தடை செய்தது.

இப்போது நம் தருமபுரிப் பக்கம் வருவோம். 2012 நவம்பர் 7. நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி. சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டார்கள் ஒரு பெண்ணும் ஒரு பையனும். பெண்ணின் தகப்பனார் தற்கொலை செய்துகொண்டார். அன்று மாலை பெருங்கூட்டம் திரண்டது, மரங்களை வெட்டிச் சாலையை மறித்தது, 250-க்கும் மேற்பட்ட தலித் வீடுகள் கொளுத்தப்பட்டன. பீரோவை உடைத்து நகையை எடுத்துக்கொண்டு தீ வைத்தார்கள். கல்யாணம் செய்தது இரண்டு பேர். எரிந்தது மூன்று ஊர். "நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை" என்று இன்றும் சிலர் ஆறுதலாகச் சொல்வதைக் கேட்கிறேன். அன்றைய கூட்டத்தின் கையில் பெட்ரோல் இருந்த இடத்தில் யுவால்டியில் விற்ற துப்பாக்கி இருந்திருந்தால்? பதிலை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

தீவிரவாதி என்றால் காட்டுக்குள் போய்த் தேடுவது எங்கள் தருமபுரிப் பழக்கம். 1980-களின் நக்சலைட் வேட்டையை நேரில் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நத்தத்தைக் கொளுத்தியவர்களை அந்தப் பெயரால் யாரும் கூப்பிட்டதில்லை. 1992 ஜூனில் சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி அரூர் பக்கம் வாச்சாத்திக்குள் புகுந்தவர்களையும் கூப்பிட்டதில்லை. அவர்கள் வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை. ஊரையே கடத்தல்காரர்கள் என்று முடிவு கட்டி அடித்தார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011-ல் தீர்ப்பு வந்தபோது உயிரோடு இருந்த 215 பேருக்கும் தண்டனை. 2023-ல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சில பேர் செய்ததாகச் சொல்லப்படும் ஒன்றுக்கு அந்த ஊரின் மலையாளிப் பழங்குடி மக்கள் அத்தனை பேரும் பொறுப்பு என்று நினைத்தார்கள் அல்லவா, அதைத்தான் நான் வெறி என்கிறேன். வெள்ளைத்தோல் இருந்தால்தான் அது வரும் என்றில்லை.

இனி, வடக்கிலிருந்து வருகிறவர்களால்தான் ஆபத்து என்ற உங்கள் கடிதத்தின் அந்த வரி. 2019 ஆகஸ்ட் 3 அன்று, டல்லாஸ் பக்கம் ஆலன் என்ற ஊரைச் சேர்ந்த 21 வயதுப் பையன் பத்து மணி நேரத்துக்கும் மேல் கார் ஓட்டி எல் பாசோவுக்குப் போனான். வால்மார்ட்டில் சுட்டதில் இறந்தவர்கள் 23 பேர். ஒருவரையும் அவனுக்கு முன்பின் தெரியாது. டெக்சாஸுக்குள் ஸ்பானிய மொழிக்காரர்கள் படையெடுக்கிறார்கள் என்று எழுதி வைத்துவிட்டுத்தான் போனான். 2022-ல் பஃபலோ நகரில் பத்துக் கறுப்பின மக்களைக் கொன்ற 18 வயதுக்காரனும் இதையேதான் எழுதினான்: வேறு ஆட்கள் வந்து நிரம்புகிறார்கள், நம் இடம் போகிறது. உங்கள் வரியையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்த்தேன். ஊர்ப் பெயரைத் தவிர வித்தியாசம் தெரியவில்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் யாரையும் அடிக்கப் போவதில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் 2018 மே மாதம் நம் பக்கத்து மாவட்டத்தில், போளூர் அருகே, கோயிலுக்கு வந்த சென்னைக்காரப் பாட்டி ஒருவரைக் குழந்தை கடத்துபவர் என்று அடித்தே கொன்றார்களே, அவர்களும் முந்தின வாரம்வரை யாரையும் அடிக்காதவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் என்பது அந்த அம்மாவின் குற்றம். 'வடநாட்டுக் கும்பல் பிள்ளை பிடிக்க வந்திருக்கிறது' என்று அப்போது வாட்ஸ்அப்பில் சுற்றிய செய்தி எனக்கும் வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும். அதை அனுப்பியவர்களில் எத்தனை பேர் குச்சியைத் தொட்டிருப்பார்கள்?

ஓசூரில் கூலி குறைகிறது, உள்ளூர்ப் பையன்களுக்கு வேலை கிடைப்பதில்லை என்றால், அது பேச வேண்டிய விஷயம். ஒப்பந்தக்காரரிடமும் தொழிலாளர் துறையிடமும் கேளுங்கள். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கென்று 1979-லேயே தனிச் சட்டம் வந்தது, 2025 நவம்பரிலிருந்து அதன் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு இருக்கிறது. சட்டப்படி பதிவும் கூலியும் ஒழுங்காக இருந்தால், மலிவாக ஆள் பிடிக்கும் ஆசையே பாதி குறைந்துவிடும். சிப்காட்டில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து படுக்க இடம் தேடுகிற ஒடிசா பையனுக்கு அந்தக் கூலியை நிர்ணயித்ததில் எந்தப் பங்கும் இல்லை.

அப்புறம், அந்த லைன் வீடுகள். உங்கள் மகன் டெக்சாஸில் வாடகை வீட்டில்தான் இருப்பார் என்று நினைக்கிறேன். எந்த நாட்டிலிருந்து வந்தாய், என்ன நிறம், என்ன மதம் என்று பார்த்து வீடு மறுக்கக் கூடாது என்று அங்கே 1968-லிருந்து சட்டம் இருக்கிறது. மார்ட்டின் லூதர் கிங்கைத் துப்பாக்கியால் சுட்டுக் கொன்ற ஒரே வாரத்தில் கையெழுத்தான சட்டம் அது. அத்தனை துப்பாக்கிகளையும் வைத்துக்கொண்டிருக்கிற அதே நாடுதான் இதையும் எழுதி வைத்திருக்கிறது. வடநாட்டுக்காரர் என்பதற்காக நீங்கள் வீடு மறுத்தால், ஓசூரில் உங்களை ஏன் என்று கேட்க அப்படி ஒரு சட்டம் இல்லை. ஆதார் நகல் வாங்குங்கள், அட்வான்ஸ் வாங்குங்கள், வேலை செய்யும் கம்பெனியில் விசாரியுங்கள். தமிழ்க் குடும்பம் வந்தால் என்ன கேட்பீர்களோ அதைக் கேளுங்கள். அதற்குப் பிறகும் சரிப்படவில்லை என்றால் விடாதீர்கள், யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

மகனை வரச் சொல்லலாமா என்றால், அது அவர் எடுக்க வேண்டிய முடிவு. பயம் வீண் என்று நான் சொல்லவில்லை. 2017-ல் கான்சாஸ் மாநிலத்தின் ஒலேத்தியில், ஒரு மதுக்கூடத்தில் வேலை முடிந்து உட்கார்ந்திருந்த ஐதராபாத் பொறியாளர் ஒருவரை, 'என் நாட்டை விட்டு வெளியே போ' என்று கத்திச் சுட்டுக் கொன்றான் ஒருவன். கூட இருந்த இந்திய நண்பருக்கும் குண்டுக் காயம். இரண்டு ஈரானியர்களைக் கொன்றுவிட்டதாக அவன் பிறகு சொன்னானாம். அவர்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்பதுகூட அவனுக்குத் தெரியவில்லை. தடுக்கப் போய்க் குண்டடி பட்டவர் அதே மதுக்கூடத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரர். இன்று இரவு மகனிடம் பேசும்போது, அக்கம்பக்கத்தில் எப்படிப் பழகுகிறார்கள், வீடு பிடிக்கப் போனபோது என்னென்ன கேட்டார்கள் என்று விசாரியுங்கள். அவர் சொல்வதை வைத்து முடிவு செய்யலாம்.